ஸோஷ்கா நாளுக்கு முன்னால்

மே பதினைந்து புனித ஸோஃபியாவின் நாள், எங்கள் பேச்சில் ஸோஷ்கா நாள். அதற்கு முந்தைய மூன்று நாட்களும் பான்கிராஸி, செர்வாஸி, போனிஃபாஸி என்று மூன்று புனிதர்களுக்கு உரியவை. நால்வருக்கும் சொர்க்கத்தில் என்ன மரியாதையோ தெரியாது, எங்கள் சுவாவ்கி ஊரில் நல்ல பெயர் கிடையாது. வசந்தம் வந்துவிட்டது என்று ஊரே கம்பளிக் கோட்டைக் கழற்றி அலமாரியில் வைத்த பிறகு, போன குளிர் எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல இந்த நாலு நாளில் ஒரு தடவை திரும்பி வரும். வந்து, வெளியே எது இளசாக நிற்கிறதோ அதைத் தொட்டுவிட்டுப் போகும். அதனால் ஸோஷ்கா நாள் வராமல் தக்காளி நாற்றை வீட்டு ஜன்னலை விட்டு வெளியே எடுக்க மாட்டோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பிந்தினாலும் பிந்துவோம், இந்த விஷயத்தில் முந்த மாட்டோம்.

ரயில் பாதைக்குப் பின்னால், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு துண்டு நிலம் வைத்துப் பயிரிடும் எங்கள் தோட்டக் காலனியில் ஆல்பினின் மனைவி பெயரும் ஸோஃபியாதான். எல்லோருக்கும் ஸோஷ்கா. பாவம், அந்தக் கேலி அவளை ஆயுசுக்கும் விடவில்லை. ஏப்ரலில் கொஞ்சம் ஊதக்காற்று அடித்தாலும் வேலிக்கு மேலாக யாராவது தலையை நீட்டி, பெண்ணுக்குப் பானி ஆணுக்குப் பான் என்கிற எங்கள் ஊர் மரியாதையோடு, "பானி ஸோஷ்கா, இந்த வருஷம் உங்க நாள் எப்படி? ஒழுங்கா நடந்துக்குவீங்களா?" என்று கேட்பார்கள். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "மொதல்ல நீங்க ஒழுங்கா நடந்துக்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பாள். தன் பெயர்கொண்ட புனிதரின் நாளைப் பிறந்தநாள்போல் கொண்டாடுவது எங்கள் வழக்கம்; அவள் பெயர் நாளன்று காலனியில் பாதிப் பேர் அவள் தோட்டத்து மேசையில்தான் இருப்பார்கள். புளிப்பான ருபார்ப் தண்டு போட்டு அவள் சுடுகிற கேக்கைத் தின்று, கண்ணாடித் தம்ளரில் காபி குடித்து, அவள் முதல் நாற்றை வைத்து மண்ணை இரண்டு விரலால் அழுத்திய பிறகுதான் தங்கள் தங்கள் பாத்திக்குப் போய் நட ஆரம்பிப்பார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

ஆல்பின் மீறுவார் என்று சொன்னால் நாங்கள் சிரித்திருப்போம். ரயில் இஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். கைகாட்டி இறங்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. பேச்சும் அப்படித்தான், எதிராளி முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். "இந்த மனுஷன் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்க ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டாரு. வாயத் திறப்பாரு, மூடுவாரு. கடைசியில நானே பச்சைக்கொடி காட்டினேன்" என்று ஸோஷ்கா எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அந்த வருஷம் வசந்தம் வருகிற வழியாகவே தெரியவில்லை. ஈஸ்டருக்குப் பனி பெய்தது. ஏப்ரல் பாதி ஆகியும் மண்வெட்டி மண்ணில் இறங்காமல் கல்லில் பட்டதுபோல் எகிறியது. ஸோஷ்கா வழக்கம்போல் மார்ச்சில், புனித யோசேப்பின் நாளன்று, காலித் தயிர்க் கிண்ணங்களில் தக்காளி விதை போட்டிருந்தாள். எருமைநெஞ்சு என்று நாங்கள் சொல்கிற ரகம். ஒரு பழம் கைக்கு அடங்காது. அந்த ரகத்துக்கு இலை மெல்லிசாக, வாடினாற்போல் தொங்கிக்கொண்டே இருக்கும். தெரியாதவர்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்று நினைப்பார்கள். "என் பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே அழுமூஞ்சி" என்பாள் அவள். அந்த ரகம் காலனியில் அவளிடம் மட்டும்தான் உண்டு. மற்றவர்களுக்கு வருஷாவருஷம் அவள்தான் இரண்டு மூன்று நாற்றுக் கொடுப்பாள்.

நாற்று இரண்டாவது ஜோடி இலை விட்டபோது அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுக்குள் கட்டி. இலையுதிர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்தான், ஆனால் இப்போது அது அவளைச் சாப்பிட விடவில்லை. மகன் நார்வேயில் கப்பல் பட்டறையில் இருந்தான். ஞாயிறுதோறும் போன் செய்வான். மே கடைசியில் கட்டாயம் லீவு கிடைத்துவிடும் என்பான்.

ஆல்பின் காலையில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ் ஏறுவார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கும்.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"மேல ஊத்தாதே, கீழ தட்டுல ஊத்து. கிண்ணத்தத் திருப்பி வைக்கிறியா? இல்லேன்னா வெளிச்சத்தப் பார்த்துச் சாய்ஞ்சுரும்."

"திருப்பி வைக்கிறேன்."

"என் நாளுக்கு முன்னாடி வெளிய எடுத்துராதே, கிழவா."

"எடுக்க மாட்டேன்."

"என் நாள் வரைக்கும் காத்திரு."

தினமும் இதையே சொன்னாள். கிளம்பும்போது சொன்னாள், தூக்கத்தில் பாதி விழித்துச் சொன்னாள். நாற்பது வருஷமாக நட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இது தெரியாதா என்று அவருக்குச் சலிப்பாகக்கூட இருந்தது.

மே மாதம் பிறந்ததும், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் வெயில் வந்தது. மே முதல் வார விடுமுறைக்கு எல்லோரும் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தோட்டத்தில் சாஸேஜ் சுட்டார்கள். பிந்திப்போன எல்லாம் ஒரே வாரத்தில் அவசர அவசரமாகப் பூத்தது. செர்ரி, பேரி, மக்னோலியா மூன்றும் ஒன்றாகப் பூத்து யாரும் பார்த்ததில்லை. தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று எல்லோருடைய முகத்திலும் எழுதியிருந்தது. ஆல்பின் அந்த வெயிலில் நிற்காமல் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றார். டாக்டர் இளம்பெண். சொல்லக் கஷ்டப்பட்டாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நர்ஸ் தினமும் வருவாங்க, வலிக்கு மருந்து போடுவாங்க. தோட்டம் இருக்குன்னு அம்மா சொன்னாங்க. அதக் காட்டுங்க. சீக்கிரம் காட்டுங்க."

டாக்டர் முடித்துவிட்டாளா என்று அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"பதினஞ்சாம் தேதி அவ பெயர் நாள்."

டாக்டர் தரையைப் பார்த்தாள். "அவ்வளவு தூரம் நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவளை அழைத்து வருவதற்கு முந்தின நாள் ஆல்பின் நாற்றுகளை எல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பாத்தியை முதல்நாளே கொத்தி வைத்திருந்தார். முதல் குழியில் முதல் நாற்றை வைக்கும்போது பக்கத்துத் தோட்டத்து ரெகீனா பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசெல்லாம் பிள்ளைகளை அதட்டி வளர்ந்த குரல் அவளுக்கு.

"பான் ஆல்பின்! வெயில்ல மூளை கீளை உருகிருச்சா? இன்னிக்குத் தேதி என்ன?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? பான்கிராஸி வந்து எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போவாரு. ஸோஷ்காவுக்குத் தெரிஞ்சா உங்களக் கம்பியில காயப் போட்டுருவா."

"நாளைக்கு வர்றா. நட்டிருக்கிறதப் பார்க்கட்டும்."

"பதினஞ்சாம் தேதி நட்டுட்டுப் பார்க்கட்டுமே! என்ன குடிமுழுகுது?"

ஆல்பின் குனிந்து இரண்டாவது குழியைத் தோண்டினார். ரெகீனா வேலியைப் பிடித்திருந்த கையை எடுத்து மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "குச்சி வேணுமா? என்கிட்ட நெறைய இருக்கு" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் நாலு வரிசையும் நட்டு முடிந்தது. மெல்லிய இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாளைக்கு அவள் சக்கர நாற்காலியில் வேலிக்கதவைத் தாண்டி வந்ததும் இது கண்ணில் படும் என்று நினைத்தார். அவள் என்ன சொல்லுவாள் என்று ஏனோ அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆம்புலன்ஸில் வந்தவளைப் படுக்கையில் கிடத்தியதும் அவள் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான்.

"காலியா இருக்கே. நாத்து எங்கே?"

தோட்டத்தில் காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வைத்திருந்தார். சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட விதத்தில் பொய்தான் வாயில் வந்தது.

"நர்ஸுக்கு மருந்து வைக்க இடம் வேணுமே. ரெகீனாவோட கண்ணாடிக் கொட்டகையில வச்சிருக்கேன்."

"அப்படியா? நல்லதுதான், குளிர் படாது." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "என் நாள் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

அடுத்த நாள் தோட்டத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லை. காய்ச்சல் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் வலி. நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனால் தூங்குவாள், விழித்தால் தண்ணீர் கேட்பாள், குடித்ததை வெளியே எடுப்பாள். ஆல்பின் படுக்கையை விட்டு நகரவில்லை. பான்கிராஸியின் நாளன்று பொழுது சாயும்போது காற்று சட்டென்று நின்றது. வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது. எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் அந்த அமைதி உறைபனியின் அறிகுறி என்று சொல்ல வேண்டியதில்லை. போய்ச் செடிகளை மூடிவிட்டு வர ஆல்பின் எழுந்திருக்கப் பார்த்தார். ஸோஷ்கா தூக்கத்தில் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களைப் பிரித்து எடுத்துவிடலாம், அவற்றில் பலமே இல்லை. அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

காலையில் நர்ஸ் வந்ததும் தோட்டத்துக்கு ஓடினார்.

காலனி எழவு விழுந்த வீடுபோல் இருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள், யாரும் உரக்கப் பேசவில்லை. வால்நட் மரத்தின் புது இலைகள் எல்லாம் கருகித் தொங்கின. திராட்சைக் கொடியில் விரல் நீளம் வந்திருந்த தளிர்கள் தொட்டால் கையோடு வந்தன. மக்னோலியாப் பூக்கள் தேநீர்க் கறை பட்ட துணிமாதிரி மரத்திலேயே பழுப்பாகிவிட்டன. பியோனி மொட்டுகள் தலை கவிழ்ந்திருந்தன. காலனித் தலைவர் ஸெனோன் தன் செர்ரி மரத்தடியில் நின்று, ஒவ்வொரு பூவாக நகத்தால் கிள்ளிப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பூ வெள்ளையாகத்தான் இருந்தது. நடுவில் காய் பிடிக்க வேண்டிய இடம் மட்டும் கறுத்திருந்தது. ஒன்றைப் பார்த்தவரால் அடுத்ததைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

ஆல்பினின் தக்காளிப் பாத்திமேல் ரோஜாப்பூப் போட்ட பழைய திரைச்சீலை ஒன்று விறைத்துக் கிடந்தது. ரெகீனாவின் திரை. அவள் தன் உருளைக்கிழங்கைக்கூட மூடாமல் இதை மூடியிருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரையை எடுத்தார். வெயில் பட்டதும் செடிகள் அவர் கண் முன்னாலேயே வேகவைத்த கீரையாகிச் சாய்ந்தன. மண்டியிட்டு ஒவ்வொரு தண்டையும் நகத்தால் சுரண்டினார். எங்காவது பச்சை இருந்தால் வெட்டிவிட்டால் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி அடி வரைக்கும் பார்த்தார். எல்லாம் தண்ணீர் கோத்துக் கறுத்திருந்தது.

ஸெனோன் நடந்து வந்தார். மீசையை நீவிக்கொண்டு, எப்போதும்போல் வாயைக் கொடுத்தார்.

"என்ன பான் டிரைவர், சிக்னல் விழுறதுக்கு முன்னாடியே வண்டிய எடுத்துட்டீங்களே!"

ஆல்பின் நிமிர்ந்து பார்த்தார். "எடுத்துட்டேன்" என்றார்.

ஸெனோனுக்கு முகம் செத்துப்போயிற்று. ரெகீனா வந்து அவர் முழங்கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். "உங்க வாயில பான்கிராஸி பூந்தா என்னவாம்?" என்று அவரைத் திட்டிவிட்டு ஆல்பின் பக்கத்தில் குந்தினாள்.

"ஸோஷ்காவுக்குத் தெரியுமா?"

"உன் கொட்டகையில இருக்குன்னு சொல்லியிருக்கேன்."

"கடவுளே." அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொட்டகையில என்னோடது மிஞ்சியிருக்கு. ஜன்னல்ல வச்சிருக்கறவங்ககிட்டயும் கேட்கிறேன். தக்காளி தக்காளிதானே."

"அவளோட ரகம் யார்கிட்டயும் இல்ல."

"நாத்துல என்ன தெரியப் போகுது? அவ இருக்கிற நிலைமையில..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை.

இரண்டு நாளில் ஆளாளுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸெனோன் வாய் திறக்காமல் ஆறு நாற்றை வைத்துவிட்டுப் போனார். ஆல்பின் செத்த செடிகளைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டு, பாத்தியை வாரி, யாரும் தொடாத மண்போல் ஆக்கி வைத்தார்.

பதினைந்தாம் தேதி காலையில் ஸோஷ்கா தெளிவான கண்ணோடு விழித்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

"என்ன தேதி?"

"பதினஞ்சு. உன் நாள்."

"நெஜமாவா?" என்றாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அது தன்னுடையதுதானா என்பதுபோல. "அப்போ நான் இருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போ, கிழவா. நடணும்."

நர்ஸ் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவைத்தாள். போர்வைகளைச் சுற்றி, சக்கர நாற்காலியில் ரயில்வே கேட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்தார் ஆல்பின். நாங்கள் எல்லோரும் அவள் தோட்டத்து மேசையைச் சுற்றி நின்றிருந்தோம். ரெகீனா கேக் சுட்டிருந்தாள். ஓரம் கருகியிருந்தது. "இதான் என் நாளுக்கு நீ சுட்ட கேக்கா? பான்கிராஸி அடுப்புக்குள்ளயும் பூந்துட்டாரா?" என்று கேட்டு ஸோஷ்கா எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ஒரு விள்ளலை நாக்கில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு கறுத்துத் தொங்கிய வால்நட் இலைகளைப் பார்த்தாள். திராட்சைப் பந்தலைப் பார்த்தாள். கடைசியில் வெறும் பாத்தியைப் பார்த்தாள்.

"இந்த வருஷம் குளிர் நல்லாத்தான் ஆடியிருக்கு. நல்லவேளை, நாம நடலை."

ஸெனோன் இருமினார். ரெகீனா அவசரமாகத் தட்டைக் கொண்டுவந்து ஸோஷ்காவின் மடியில் வைத்தாள். நல்ல நாற்றுகள், தடித்த தண்டு, இலைகள் நிமிர்ந்து பச்சையாக நின்றன. ஸோஷ்கா ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்தாள். தடவினாள். முகர்ந்தாள்.

"இது என்னோடது இல்லையே."

"உன்னோடதுதான்டீ!" என்றாள் ரெகீனா. "என் கொட்டகை வெதுவெதுப்புல நிமிர்ந்துருச்சு."

"ரெகீனா, பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். எனக்கு இன்னும் கண்ணு தெரியுது."

ரெகீனா காதைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தங்கள் தோட்டத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்தார்கள். மேசையருகில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"எப்போ நட்டே?" என்று கேட்டாள்.

"நீ வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாள்."

"எதுக்கு?"

"நீ பார்க்கணும்னு."

"இன்னிக்கு நட்டா பார்க்க மாட்டேனா?"

அவள் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இனி அவர் பேச வேண்டிய முறை. வாயைத் திறந்தார், மூடினார். இந்தத் தடவை அவள் கொடி காட்டி உதவவில்லை.

"நீ பார்க்க மாட்டேன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

ஸோஷ்கா தலையை ஆட்டினாள். கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. உதடு இறுகியிருந்தது. ஏப்ரல் முழுக்க ஆஸ்பத்திரியில் ஒரு தடவைகூட அழாதவள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நீயும்."

"ஸோஷ்கா..."

"எனக்கு நம்பிக்கை இருந்துச்சுன்னா நெனச்சே? ஒரு நாள்கூட இல்ல. டாக்டர் உன்கிட்ட சொன்னத எனக்கு மொதல்லயே சொல்லிட்டா. அதனாலதான் தினமும் உன்கிட்ட சொன்னேன், என் நாள் வரைக்கும் காத்திருன்னு. என்னால முடியல, அதான் உன்னைக் காத்திருக்கச் சொன்னேன். வீட்டு ஜன்னல்ல கிண்ணமெல்லாம் இருக்கும், நீ திருப்பித் திருப்பி வைப்பேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். இவன் கைகாட்டி இறங்காம எடுக்க மாட்டான்னு இருந்தேன்."

ஆல்பின் நாற்காலிக் கால்களுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது மனிதர், தோளெல்லாம் குலுங்க அழுதார். அவர் அறிந்து செய்த துரோகம் ஒன்றுமில்லை. அவள் ஆசைப்படுவாள் என்று செய்தார். ஆனால் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான், அதைத்தான் அவர் கொடுக்கவில்லை. இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு காலால் அவர் முதுகை லேசாக உதைத்தாள்.

"போதும். விதை டப்பா அலமாரியில மேல்தட்டுல இருக்கு. அடுத்த யோசேப்பு நாளுக்குப் போட்டுக்கோ. இப்போ குழி தோண்டு, எல்லாரும் நமக்காக நிக்கிறாங்க."

அவர் தோண்டினார். நாற்காலியிலிருந்து அவளுக்குக் கை எட்டவில்லை. அவர் அவளைக் கக்கத்தில் கைகொடுத்து இறக்கி மண்ணில் உட்கார வைத்து, பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். எடையே இல்லை. அவள் ரெகீனாவின் நாற்றை, அழுமூஞ்சி இல்லாத அந்த நாற்றைக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, இரண்டு விரலால் அழுத்தினாள். வேலிகளுக்கு அந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் குனிந்து எங்கள் நாற்றை எடுத்தோம்.

மண்ணிலிருந்து கையை எடுக்காமல் அவள் சொன்னாள்.

"இன்னும் சில்லுனுதான் இருக்கு. பீன்ஸ் விதைய இன்னிக்குப் போட்டா அழுகிரும். அடுத்த புதன்கிழமை போடு. அதுக்கு முன்னாடி கைவைக்காதே."

"வைக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றார் ஆல்பின்.

ஞாயிற்றுக்கிழமையோடு அவள் பேச்சுக் குறைந்தது. மகனிடம் போனில் இரண்டு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். மண் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. காலனியில் எல்லோரும் பீன்ஸ் போட்டார்கள், ஏனென்றால் மறுநாளிலிருந்து வாரம் முழுக்க மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஸெனோன் ஆல்பினின் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று, மெதுவான குரலில் சொன்னார்.

"பான் ஆல்பின், நான் வேணா இங்க உட்கார்ந்திருக்கேன். ஓடிப்போய்ப் போட்டுட்டு வந்துருங்க. நாளைக்குச் சேறாயிரும்."

"புதன்கிழமை" என்றார் ஆல்பின்.

ஸெனோன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நர்ஸ் அன்று மாலை சமையலறைக்கு அவரைக் கூப்பிட்டாள். "மகனை வரச் சொல்லுங்க. லீவு கீவுன்னு பார்க்க வேணாம். காலை வரைக்கும் தாங்குறது கஷ்டம்." அவர் போன் செய்தார். மகன் அழுதான், கிடைக்கிற விமானத்தில் கிளம்புவதாகச் சொன்னான். ஆல்பினின் பையில் பீன்ஸ் பொட்டலம் இருந்தது. தோட்டம் நடந்தால் ஐந்து நிமிஷம். வெளிச்சம் இன்னும் இருந்தது. இப்போது போய்ப் போட்டுவிட்டு வந்து, மண் ஒட்டிய கையைக் காட்டி, புதன்கிழமை வந்துவிட்டது என்று சொன்னால் அவளுக்குத் தெரியவா போகிறது? பொட்டலத்தை எடுத்து, அவள் பார்க்கிற ஜன்னல் விளிம்பில், தயிர்க் கிண்ணங்கள் இருந்த இடத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு எதையும் செய்யவில்லை. அவள் மூச்சை எண்ணக்கூட இல்லை. புதன்கிழமைக்காகக் காத்திருந்தார்.

விடியும்போது மழை பிடித்துக்கொண்டது. ஸோஷ்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு பொட்டலத்தை எடுத்து அவள் காதருகில் குலுக்கினார். விதைகள் கலகலத்தன.

"புதன்கிழமை வந்துருச்சு. போயிட்டு வர்றேன், ஸோஷ்கா. நீ இரு."

குடையை மறந்துவிட்டுப் போனார். சேற்றில் முழங்கால் பதிய உட்கார்ந்து, அவள் போடுகிற மாதிரியே குழிக்கு நாலு விதையாகப் போட்டு மூடினார். அவசரப்படவில்லை. கடைசிக் குழியையும் மூடி, இரண்டு விரலால் அழுத்திவிட்டுத்தான் எழுந்தார். வீட்டுப் படியை மட்டும் இரண்டிரண்டாக ஏறினார். கதவைத் திறந்த நர்ஸ் அவருக்கு வழிவிட்டாள்.

அவள் இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஆல்பின் சேற்றுக் கையைக் கழுவாமல் அப்படியே அவள் கைக்குள் வைத்தார்.

"போட்டுட்டேன். இன்னிக்குத்தான் போட்டேன்."

அவள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தார்.

"அடுத்து?"

பீன்ஸுக்கு அப்புறம் தோட்டத்தில் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தக்காளியைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். புனித யானின் நாளில் கட்டுவோம். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. நர்ஸ் கதவருகில் நின்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"யானின் நாள்" என்றார் ஆல்பின், பயணிகளுக்கு வண்டி நேரத்தைச் சொல்லும் குரலில். "ஜூன் இருபத்தி நாலு. தக்காளிக்குக் கட்டுப் போடணும். அதுக்கு முன்னாடி தொட மாட்டேன். உனக்காகக் காத்திருப்பேன்."

"சரி" என்றாள் ஸோஷ்கா.